மலையோடை மீனுக்குச் சித்திரை வெயில்: சில்லரா, ஃபேனா, அயிரையா?

போன தை மாதம் ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். “ஏனுங் மாமா, உங்க தொட்டிக் கண்ணாடியில பல்லியாட்ட ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு மீனு, அதை இங்க ஒரு கடையில போட்டிருக்காங்க. நாலு எடுத்துட்டு வந்துரட்டுங்களா?”

தையில் கேட்கிறான், அதுதான் விஷயம். தையில் பெருந்துறையிலும் தொட்டித் தண்ணீர் 24, 25 டிகிரியில் நிற்கும். எந்த மீனை விட்டாலும் துள்ளிக்கொண்டு திரியும். “எடுத்துக்கோ மாப்ள. ஆனா சித்திரை மத்தியானம் நாலு மணிக்கு அதுங்களை எங்க வெச்சிருப்பே?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அன்று போனில் அரை மணி நேரம் பேசியதையும், அதற்கப்புறம் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் கோயமுத்தூர் மேற்கே வடவள்ளியில் ஏழு வருடமாக இந்த மீன்களை வைத்திருக்கிறேன். அவன் இருப்பது நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இந்த மீனைப் பொறுத்தவரை அது வேறு நாடு.

முதலில் மீன். அவன் கேட்டதன் பெயர் ஹில்ஸ்ட்ரீம் லோச், மலையோடை மீன். அதைக் கடைகளில் ‘பட்டர்ஃபிளை பிளெக்கோ’ என்று பெயர் சொல்லி, ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்கள். இரண்டும் தப்பு. பிளெக்கோ கெளுத்தி இனம். இது அயிரைக்குச் சொந்தக்காரன். தொட்டியை இது சுத்தம் செய்யாது. சுத்தமான தொட்டி இல்லாவிட்டால் செத்துப்போகும், அவ்வளவுதான். நம் பக்கம் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. உடம்பெல்லாம் வலைப்பின்னல் கோலம் போட்ட செவெல்லியா லினியோலாட்டா வியட்நாம் மலையோடைகளில் பிறந்தது. தவிட்டு நிறத்தில் புள்ளி தெளித்த பியூஃபோர்ட்டியா குவெய்சோவென்சிஸ் தென்சீனத்தில் பிறந்தது. இரண்டுமே விரல் நீளம்தான், ஆறேழு சென்டிமீட்டர்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது முன்பக்கமிருந்து பாருங்கள், அப்போதுதான் இதன் அருமை தெரியும். முன்துடுப்பு இரண்டும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். பின்துடுப்பு இரண்டும் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தட்டாக இருக்கும். வாயால் உறிஞ்சிப் பிடிப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். உடம்பு முழுவதுமே ஒரு கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒட்டுகிறது; வாய் பாட்டுக்குப் பாசியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். துடுப்பின் பின்னோரம் மட்டும் நிற்காமல் படபடவென்று அடிக்கும், உள்ளே கசியும் தண்ணீரை வெளியே தள்ள. வலை போட்டு இழுத்தால் வராது. பழைய விசிட்டிங் கார்டு ஒன்றை மெதுவாக அடியில் நுழைத்தால்தான் கழன்று வரும்.

இப்படி ஒரு உடம்பு எதற்கு? பாறைமேல் பாய்ந்து ஓடும் தண்ணீரில் நிற்பதற்கு. அந்தத் தண்ணீரில் இரண்டு குணங்கள் உண்டு: குளிர்ச்சி, நுரைக்க நுரைக்கக் காற்று. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5க்கு இறங்கிவிடும். இது ஒன்றும் பெரிய இறக்கம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் பத்து டிகிரி கூடினால் மீனின் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறைகிறது, செலவு இரண்டு மடங்கு ஆகிறது. நம்ம ஊர் கோல்டு ஃபிஷ் இதைச் சமாளித்துவிடும். பாய்ச்சலில் பிறந்தது சமாளிக்காது. 20 முதல் 24 வரை அதற்கு வீடு. நல்ல ஓட்டமும் காற்றும் இருந்தால் 26, 27 வரை சில வாரம் ஒப்பேற்றும். 29க்கு மேல் போனால் ஒவ்வொரு நாளும் கடன்.

அக்கா மகன் அடுத்துக் கேட்டது நியாயமான கேள்வி. “நம்ம மலையிலயே இந்த மாதிரி மீனு இருக்குதுங்களாமே? அதுன்னா நம்ம வெயிலுக்குப் பழகியிருக்குமில்லீங்களா?”

இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்று ஒன்று உண்டு. 1849இல் இயற்கையியலாளர் ஜெர்டன் விவரித்த மீன். 1920இல் மீனியலாளர் சுந்தர் லால் ஹோரா தனிப் பேரினமாக்கி நம் பவானி ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, தெரிந்தால் பெருமைப்படுவார்கள். ஆனால் அது நம்ம வெயிலுக்குப் பழகின மீன் இல்லை, நம்ம மலைக்குப் பழகின மீன். மேலே சோலைநிழலில் ஓடும் தண்ணீருக்கும் கீழே நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள தூரம் வியட்நாமுக்குக் குறைந்தது இல்லை. அதுபோக, அந்த ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள், ஆனைமலைப் பக்கம் என்றால் புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகின்றன. அங்கே அனுமதியில்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது, மீனைப் பிடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. வால்பாறைக்கு டூர் போன இடத்தில் பாட்டிலில் பிடித்து வந்தேன் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த மீன் பொள்ளாச்சி தாண்டியிருக்காது. இந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஆக, கடை மீன்தான். அதைச் சித்திரையில் குளிர்ச்சியாக வைக்க என்ன வழி என்பதுதான் உண்மையான கேள்வி.

சில்லர் என்பது ஒரு சின்ன ஃபிரிட்ஜ். தண்ணீர் உள்ளே போய்க் குளிர்ந்து வரும். 22 என்று வைத்தால் 22 நிற்கும். 100 லிட்டர் தொட்டிக்கு 1/10 எச்.பி. போதும். நான் விசாரித்தபோது இருபதாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள், அதோடு அதற்குத் தண்ணீர் தள்ள ஒரு மோட்டார் தனி. கரண்ட் 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். கேட்கச் சின்ன எண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் ஏற்கெனவே 450 யூனிட் வந்துகொண்டிருந்தால், இந்த 90 உங்களை 500ஐத் தாண்ட வைத்துவிடும். 500ஐத் தாண்டினால் அடியிலிருந்து கட்டணக் கணக்கே மாறும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைச் சில்லர் அந்த அறைக்குள்தான் ஊதும். மூடிய ஹாலில் வைத்தால் அது தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும். பால்கனி ஓரமாக வைத்துக் குழாயை இழுக்க வேண்டும்.

ஃபேன் கதை வேறு. தண்ணீர் மட்டத்தின் மேல் சாய்வாகக் காற்றடிக்கும் இரண்டு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், பழைய போன் சார்ஜர் மாதிரி ஒரு அடாப்டர். முந்நூறு நானூறு ரூபாயில் முடியும், கரண்ட் நாலைந்து வாட். இது மண்பானையின் வேலைதான். தண்ணீர் ஆவியாகும்போது மிச்சத் தண்ணீரின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு இது வேலை செய்யும். சென்னைக்காரர்கள் ஃபேன் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் குறையவில்லை என்கிறார்கள். அங்கே காற்றே ஈரம். கொங்கு நாடு மழைமறைவுப் பகுதி. பங்குனி சித்திரையில் மத்தியானம் இங்கே காயப்போட்ட வேட்டி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். அந்த வறட்சி இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வரம். என் வீட்டில் ஃபேன் இல்லாமல் 31ஐத் தொடும் தண்ணீர், ஃபேன் ஓடினால் 27, 28இல் நிற்கிறது. ராத்திரி 25க்கு இறங்கிவிடும்.

அப்புறம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். கோயமுத்தூர் மேற்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தக் காற்று வீசும் மாதங்களில் ஃபேனே தேவைப்படுவதில்லை. அதாவது நான் உண்மையில் சமாளிக்க வேண்டியது மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை, நூறு நாள் சொச்சம். அந்த நூறு நாளுக்கு இருபதாயிரம் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. ஃபேனிலேயே ஏழு கோடை ஓடிவிட்டது. முதல் கோடையைத் தவிர, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெருந்துறைக் கணக்கு வேறு. கணவாய்க் காற்றின் குளிர்ச்சி கிழக்கே போகப் போகத் தேய்ந்துவிடும். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் சித்திரையில் 39, 40 என்பது சாதாரணச் செய்தி. மாசியில் ஏறும் சூடு ஐப்பசி மழை வரை முழுசாக இறங்காது. அங்கே ஃபேன் 33ஐ 29, 30 ஆக்கும். அது இந்த மீனுக்குப் போதாது. அதிலும் மேலே நேராக மொட்டைமாடி என்றால் ராத்திரி பத்து மணிக்கும் கான்கிரீட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். பழைய ஓட்டு வீடோ நடுமுற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடோ வைத்திருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். தரையோடு ஒட்டிய வடக்குச் சுவர் ஓரமாகத் தொட்டியை வைத்தால் அதுவே இரண்டு டிகிரி.

ஏ.சி. அறையில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். ராத்திரி மட்டும் ஓடும் ஏ.சி. என்றால், விடியற்காலை 24, சாயங்காலம் 31 என்று தண்ணீர் தினமும் ஊஞ்சல் ஆடும். அது நிலையான 28ஐவிட மோசம் என்பது என் எண்ணம். ஐஸ் பாட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு லிட்டர் பாட்டில் முழுக்க உறைந்து, அது முழுக்க உருகித் தொட்டிச் சூட்டுக்கு வந்தால் 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்கும். ஒரே ஒரு டிகிரி. அவசரத்துக்குச் சரி, பழக்கத்துக்கு ஆகாது. ஆன்லைனில் விற்கும் விரல் அளவு பெல்டியர் கூலர்களை (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிடும் சின்னத் தகடு) வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

ஃபேன் வழியில் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி பொய் சொன்னதாகிவிடும். ஃபேன் ஓடினால் தொட்டி தினமும் ஒன்று, இரண்டு லிட்டர் குடிக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். என் வீட்டுக்குச் சிறுவாணி வருகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்தால் நூறைத் தொடாது. தினமும் ஊற்றினாலும் பிரச்சினை இல்லை. குளோரின் போக ஒரு நாள் பக்கெட்டில் ஏர் மோட்டார் போட்டு வைப்பேன், அவசரம் என்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) இரண்டு கல். அக்கா வீட்டிலோ புழங்குவதற்கு வருவது போர் தண்ணீர், நாம் ‘உப்புத் தண்ணி’ என்போமே, அது. அங்கே மீட்டர் 1400 காட்டியது. அதை ஊற்றி ஃபேன் ஓட்டினால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளம். ‘நல்ல தண்ணி’ வாரத்துக்கு இரண்டு தரம்தான் வரும், அதுவும் குடிக்க. ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். ஆனால் சமையலுக்குப் பிடித்து வைத்த ஆர்.ஓ. தண்ணீர் தினமும் இரண்டு லிட்டர் மீனுக்குப் போவதை எந்த அம்மா பொறுத்துக்கொள்வார்? ஆக, பெருந்துறையில் சூட்டுக்கு மட்டுமல்ல, உப்புக்கும் சேர்த்துச் சில்லர்தான் வழி. மூடி போட்ட தொட்டியில் சில்லர் ஓடினால் தண்ணீர் ஆவியாவதும் குறைவு.

உப்பைப் பற்றிப் பேசும்போதே கல்லையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வழவழப்பான ஆற்றுக் கூழாங்கற்கள் வேண்டும். நம் தோட்டத்தில் பொறுக்கும் கல்லில் பாதி சுக்கான் கல். அது சுண்ணாம்பு, தண்ணீரைக் கெட்டியாக்கிக்கொண்டே இருக்கும். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கல்லின் மேல் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் வேலிக்கு அப்பால் வீசிவிடலாம்.

ஓட்டத்துக்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, ஜல்லிக்கு அடியில் பி.வி.சி. பைப் போட்டு, ஒரு முனையில் ஸ்பாஞ்ச், மறுமுனையில் பவர்ஹெட் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன மோட்டார்) வைத்து, தொட்டி முழுக்க ஒரே திசையில் ஆறு மாதிரி ஓடவிடுவது. பார்க்க அம்சமாக இருக்கும். அடியில் அடைத்துக்கொண்டால் மொத்தத் தொட்டியையும் பிரிக்க வேண்டும். நான் ஒரு தரம் பிரித்தேன், அப்புறம் போடவில்லை. மற்றது, தண்ணீரை அலையடிக்க வைக்கும் ஒரு சின்ன வேவ்மேக்கர் மோட்டாரும் இரண்டு ஸ்பாஞ்ச் பில்டரும். மூன்றடித் தொட்டிக்கு இது தாராளம். எதை எடுத்தாலும் வாட்டைப் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் தின்னும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத் தண்ணீருக்குள்தான் போகும். 40 வாட் மோட்டார் 100 லிட்டரை மணிக்கு மூன்றில் ஒரு டிகிரி ஏற்றப் பார்க்கும். மேலே ஃபேன் போட்டு இறக்குகிறோம், உள்ளே ஹீட்டரை ஓட்டுகிறோம் என்ற கதை. ஏழெட்டு வாட் டி.சி. மோட்டார் கிடைக்கிறது, அது போதும்.

இப்போது அந்த முதல் கோடை. நாலு செவெல்லியா, ஃபேன், வேவ்மேக்கர் எல்லாம் பக்கா. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பேப்பரில் போட்டிருந்தார்கள், நானும் படித்தேன். வீட்டில் யு.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியத்தில் வேலைக்குப் போய்விட்டேன். ஹாலில் டியூப்லைட்டும் சீலிங் ஃபேனும் மட்டும்தான் யு.பி.எஸ். லைனில் இருந்தன; தொட்டி சொருகியிருந்த பிளக் பாயின்ட் இல்லை. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மோட்டார் நின்று எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு மீன் கல்லுக்கடியில் வெளுத்துக் கிடந்தன. ஒன்று கண்ணாடியில் ஏறி, மூக்கு தண்ணீர் மட்டத்துக்கு வெளியே வரும்படி ஒட்டிக்கொண்டு, செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவதைத் தேடி டி.வி. ஸ்டாண்டின் பின்னால் கருவாடாகக் கண்டுபிடித்தேன். ஈரக் கண்ணாடியில் இவை பல்லியைப் போலவே ஏறி வெளியே போய்விடும். ஃபேனுக்காகத் தொட்டியைத் திறந்து வைத்திருந்தேன் அல்லவா?

எலக்ட்ரீஷியன் கூலி முந்நூறு ரூபாய், பிளக் பாயின்ட்டை யு.பி.எஸ். லைனுக்கு மாற்ற. ஜன்னலுக்கு அடித்த கொசுவலையில் மிச்சத் துண்டு, மூடிக்குப் பதிலாக. இந்த இரண்டும்தான் செலவு. இந்த இடத்தில் ஃபேனுக்கு இன்னொரு மதிப்பெண் உண்டு. மோட்டாரும் ஃபேனும் சேர்ந்து 15 வாட்டுக்குள். யு.பி.எஸ். நாள் முழுக்க இழுக்கும். சில்லரைச் சாதாரண யு.பி.எஸ்.ஸில் போட்டால் அது கிளம்பும்போதே முனகும், பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். சில்லர் வைத்திருப்பவர்களும் பராமரிப்பு நாளில் நம்மைப் போல ஃபேனையும் ஐஸ் பாட்டிலையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டுக்கு மட்டும் மொட்டைமாடி வெயில் உதவும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பத்துக் கூழாங்கல்லைப் போட்டு மேலே வைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். கல்லை மாற்றி மாற்றி உள்ளே வைத்தால் அதுதான் இவற்றுக்கு விருந்து. அதோடு பாசி வில்லை, வாரம் ஒரு துண்டு வெந்த பீர்க்கங்காய். கடையில் மீன் பொறுக்கும்போது வயிற்றைப் பாருங்கள், உள்வாங்கி இருந்தால் அது பட்டினியாகவே வந்து சேர்ந்த மீன். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, சில்லரும் வேண்டாம், சிறுவாணியும் இல்லை, ஆனால் அடித்தரையில் ஊர்ந்து திரியும் மீன்தான் வேண்டும் என்றால்?

வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஜீப்ரா லோச்சைக் கடைக்காரர் காட்டுவார். இதுவும் மேற்குத்தொடர்ச்சி மலைக்காரன்தான். 27, 28 வரை தாங்கும், ஐந்தாறாக வைத்தால் கூட்டமாக விளையாடும், தொட்டியில் பெருகும் நத்தையைத் தின்று தீர்க்கும். ஆனால் அருகிவரும் இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கடையில் இருப்பது ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு அது உறுத்துகிறது, நான் வாங்குவதில்லை. சக்கர் மீன், அதாவது நிஜமான பிளெக்கோ, வாங்கவே வேண்டாம். விரலளவில் வாங்குவது ஒரு அடியைத் தாண்டி வளரும். தாங்காமல் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது பெருகி வலையைக் கிழிக்கிறது.

எனக்குப் பிடித்த பதில் அயிரை. சிரிக்காதீர்கள். குழம்புச் சட்டியில் மட்டுமே பார்த்திருப்பதால் அதன் அழகு நமக்குத் தெரிவதில்லை. மணல் நிற உடம்பில் வரிசையாகக் கரும்புள்ளி, வாயைச் சுற்றிக் குட்டி மீசை. அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். தெர்மாலிஸ் என்றால் வெப்பத்துக்குரியது. இலங்கையின் வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் கிடைத்ததை வைத்து விவரித்ததால் அந்தப் பெயர். வாங்க நினைத்த மீன் குளிரோடையில் பிறந்தது, அதன் சொந்தக்கார மீன் வெந்நீரின் பெயரைச் சுமக்கிறது. 31 டிகிரிக்கு அலட்டிக்கொள்ளாது. உப்புத் தண்ணீரையும், நல்ல தண்ணீர் பாதி கலந்து கொடுத்தால், பெரிதாகக் கண்டுகொள்ளாது. வேண்டியதெல்லாம் இரண்டு அங்குல ஆழத்துக்கு நைசான மணல். எம்-சாண்ட் வேண்டாம், அதன் கூர் மீசையை அறுக்கும். சலித்துக் கழுவிய ஆற்று மணல். எட்டுப் பத்தாக விட வேண்டும், ஒன்றிரண்டு என்றால் மணலை விட்டு வெளியே வராது. கண்ணாடியில் ஏறாது என்பது ஒன்றுதான் குறை.

ஆகவே மாப்பிள்ளையிடம் நான் சொன்னது இது. மீனை வாங்காதே, முதலில் எண்பது ரூபாய்க்கு ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கு. காலித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பங்குனி பிறந்ததும் பத்து நாள், தினமும் நாலு மணிக்கு எழுது. ஐந்து நாள் ஃபேன் இல்லாமல், ஐந்து நாள் ஃபேனோடு. ஃபேனோடு 28ஐத் தாண்டாவிட்டால், தினமும் ஊற்ற நல்ல தண்ணீரும் இருந்தால், செவெல்லியாவை நானே கூட வந்து பொறுக்கித் தருகிறேன். தாண்டினால் சில்லருக்குக் காசு இருக்கிறதா பார். சூலூர், பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவர்களும் இந்தப் பத்து நாளை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு பதில் மாறும். கரூர், நாமக்கல் என்றால் ஃபேனை நம்பி இந்த மீனை வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பங்குனி பத்தாம் தேதி வாட்ஸ்அப்பில் நோட்டுப் புத்தகப் பக்கம் ஒன்றின் போட்டோ வந்தது. ஃபேன் இல்லாமல்: 31, 31.5, 32, 32, 32.5. ஃபேனோடு: 29, 29.5, 29, 30, 29.5. கீழே, “சில்லர் விலை கேட்டு அப்பா சிரிச்சுட்டாருங் மாமா” என்று ஒரு வரி.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியபின் மதகடிக் குட்டையில் கொசுவலையை வீசிப் பதினொரு அயிரை பிடித்து வந்தான். இரண்டு வாரம் தனி டப்பில் வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகு தொட்டிக்கு மாற்றினான். போன வாரம் போயிருந்தேன். மத்தியானம் பார்த்தால் தொட்டியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, “ஏஞ் சாமி, மீனு எல்லாம் செத்துப் போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு மணிக்கு விளக்கைக் குறைத்து இரண்டு பாசி வில்லைகளைப் போட்டான். மணலில் முதலில் ஒரு ஜோடிக் கண், அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மீசை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். பத்துதான் வந்தது, பதினொன்றாவது ஸ்பாஞ்ச் பில்டருக்குப் பின்னால் இருந்தது.